விஷம் வைத்தவர் யாருமில்லை!

கவடியார் பக்கம் ஒரு பங்களா என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரை மணி. கேட்டைத் திறந்து, பால் பாக்கெட்டையும் பேப்பரையும் எடுத்து வைத்துவிட்டு, நாயின் சங்கிலியை அவிழ்க்கப் போகிறார் வாட்ச்மேன். நாய் எழுந்திருக்கவில்லை.

நான்கு வயது டாபர்மேன் அது. முந்தின இரவு பத்து மணிக்கு வயிறாரத் தின்றது. மதில் மேல் வந்த பூனையைப் பார்த்துக் குரைத்தது. இப்போது தூங்கியது தூங்கியபடியே கிடக்கிறது. உடம்பில் காயமில்லை, வாயில் நுரையில்லை, பாம்பு கடித்த தடயமும் இல்லை.

வீட்டிலுள்ளவர்கள் கூடி விடுகின்றனர். குழந்தைகள் அழுகின்றன. முதலாளியின் முதல் கேள்வி வாட்ச்மேனை நோக்கித்தான் வருகிறது.

"ராத்திரி அதுக்கு என்ன கொடுத்தே?"

வாட்ச்மேன் திருநெல்வேலி ஜில்லாக்காரர். "எப்பவும் போடுற சோறும் கறியும்தான் முதலாளி" என்கிறார். நம்புவார் யார்? திருடர்களுடன் சேர்ந்து விஷம் வைத்திருப்பானோ என்று ஒருவர். பக்கத்து வீட்டுக்காரருக்கு நாய் குரைத்தால் ஆகாதே என்று இன்னொருவர். கண்ணேறு பட்டுவிட்டது என்று பாட்டி. அன்று மாலைக்குள் ஒருவரின் வேலை போகிறது. அல்லது இரண்டு வீடுகளுக்கிடையே பேச்சு நின்று போகிறது.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையல்ல. ஜாதி நாய் வளர்க்கும் எந்த வீட்டிலும் இப்படியொரு காலை விடியலாம். ஆனால், அந்த முற்றத்தில் கூடிய யாரும் சொல்லாத ஒரு காரணமும் உண்டு. அந்த நாயை யாருமே கொல்லாமல் இருந்திருக்கலாம். அதன் சாவு, அது தாய் வயிற்றில் கருவாக இருந்தபோதே அதன் இருதயத்தில் எழுதப்பட்டிருக்கலாம்!

"நாய், பூனை வளர்ப்பது பணக்காரர் சமாசாரம். நமக்கென்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. நாய்க்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், அதற்குச் சோறு வைப்பவரும், அதை நடத்திக் கூட்டிப் போகிறவரும் பல வீடுகளில் வாட்ச்மேன், டிரைவர், தோட்டக்காரர், சமையல்காரர்தான். பழி முதலில் அவர் தலையில்தான் விடிகிறது. இது முதல் பதில். இரண்டாவது பதில் நம் சொந்த இருதயத்தைப் பற்றியது. அது பின்னால் வருகிறது.

மாரடைப்பு அல்ல!

மனிதர் திடீரென விழுந்து இறந்தால் "ஹார்ட் அட்டாக்" என்கிறோம். இருதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் கொழுப்புப் படிந்து, அடைப்பு ஏற்பட்டு, தசை செத்துப் போவதுதான் மாரடைப்பு. நாய்க்கும் பூனைக்கும் இந்த வகை அடைப்பு அபூர்வம்.

அவற்றைத் திடீரெனக் கொல்வது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. இருதயம் ஒரு பம்பு. அதை இயக்குவது உடலே உண்டாக்கும் மிகச் சிறிய மின்சாரம். மேல் அறை ஒன்றில் பிறக்கும் துடிப்பு, ஒழுங்கான பாதையில் கீழ் அறைகளுக்கு இறங்கி வருகிறது. தசை ஒன்றாகச் சுருங்குகிறது, ரத்தம் வெளியேறுகிறது. பாதையில் தசை கெட்டு, நாரும் கொழுப்பும் நிறைந்துவிட்டால் மின்சாரம் வழி தவறுகிறது. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கீழ் அறைகள் சுருங்குவதற்குப் பதில் வெறுமனே நடுங்குகின்றன. நடுங்கும் பம்பு ரத்தத்தைத் தள்ளாது. சில விநாடிகளில் நினைவு போகும். சில நிமிஷங்களில் உயிர் போகும்.

வலியில் கத்த நேரமில்லை; நுரை தள்ள நேரமில்லை. எந்தத் தடயமும் இல்லாமல் கிடப்பதற்குக் காரணம் இதுதான். தடயம் இல்லாததால்தான் சந்தேகமும் வளர்கிறது.

மூன்று ஜாதி, மூன்று விதம்

டாபர்மேன் நாயின் பிறப்பே ஒரு சுவையான கதை. 19ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் அபோல்டா என்ற ஊரில், லூயி டாபர்மேன் என்பவர் வரி வசூல் செய்து வந்தார். பணப் பையுடன் அலையும் தமக்குக் காவலாக ஒரு நாய் வேண்டுமென்று, பல ஜாதிகளைக் கலந்து அவர் உருவாக்கியதுதான் இந்த நாய். அவர் பெயரே அதற்கும் நிலைத்துவிட்டது.

காவலுக்குப் பெயர் பெற்ற இந்த நாயின் இருதயம் மட்டும் காவல் இல்லாதது. வயதாக ஆக, தசை பலமிழந்து, பழைய ரப்பர் பை போல் இருதயம் தொய்ந்து பெரிதாகிறது. ஜெர்மனியின் மூனிச் நகரில் 400க்கும் மேற்பட்ட டாபர்மேன்களைப் பல ஆண்டுகள் பரிசோதித்து, 2010ல் முடிவை வெளியிட்டனர். வாழ்நாள் கணக்கில் பாதிக்கும் அதிகமான நாய்களுக்கு இந்த வியாதி வருவது தெரிந்தது. வியாதி வந்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, முன்னறிவிப்பே இல்லாமல் விழுந்து இறக்கிறது. இதற்குக் காரணமென இரண்டு மரபணுக்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக் காட்டினர். ஒன்று 2012ல், மற்றொன்று 2019ல். ஆனால், ஐரோப்பிய டாபர்மேன்களில் முதல் மரபணுவுக்கும் வியாதிக்கும் தொடர்பு காணவில்லை. இன்னும் பல மரபணுக்கள் ஒளிந்திருக்க வேண்டும் என்பது டாக்டர்களின் கணிப்பு.

அடுத்தது பாக்ஸர். சப்பை மூக்கும், அகன்ற மார்பும் கொண்ட நாய். இதற்கு இருதயத்தின் வலது கீழ் அறையில் தசை மறைந்து, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக் கொள்கின்றன. மனிதரில் இளம் விளையாட்டு வீரர்கள் சிலரை மைதானத்திலேயே சாய்க்கும் வியாதியும் இதே தினுசுதான். பாக்ஸர் நாயின் இருதயமும் அந்த மனிதரின் இருதயமும் மைக்ராஸ்கோப்பில் ஒன்று போலவே இருப்பதாக 2004ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினர். 2010ல் டாக்டர் கேத்ரின் மியூர்ஸ் குழுவினர், 'ஸ்ட்ரயாட்டின்' என்னும் மரபணுவில் எட்டு எழுத்துகள் விடுபட்டிருப்பதைப் பல பாக்ஸர்களில் கண்டுபிடித்தனர். அதுவே முழுக் காரணமா என்பதில் பின்னர் வந்த ஆய்வாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.

மூன்றாவது, அல்சேஷன் என்று நம்மவர் அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு. இதன் கதை விசித்திரமானது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சிட்னி மோயிஸ் 1994ல் விவரித்தது இது. இதில் இருதயம் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் குட்டிப் பருவம் தாண்டிய சில நாய்கள், பெரும்பாலும் ஒன்றரை வயதிற்குள், தூக்கத்திலேயே போய்விடுகின்றன. விடியற்காலை நேரத்தில்தான் அதிகம். இரண்டு வயதைத் தாண்டிவிட்டால் அபாயம் குறைகிறது. பரம்பரையில் வருவதென்பது உறுதி. எந்த மரபணு என்பதுதான் பிடிபடவில்லை.

பூனையின் தடித்த இருதயம்

நாயின் இருதயம் தொய்கிறதென்றால், பூனையின் இருதயம் தடிக்கிறது. சுவர் தடித்துத் தடித்து, உள்ளே ரத்தம் நிற்கும் இடம் சுருங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் பூனை கொழுகொழுவென்று இருக்கும். ஜன்னல் மேல் தாவும். ஒருநாள் தாவிய இடத்திலேயே விழும்.

சில பூனைகளுக்கு வேறு விதமாக வரும். தடித்த இருதயத்தில் தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி, பெரிய ரத்தக் குழாயில் இறங்கி, பின்னங்கால்களுக்குப் பிரியும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். அந்த நிமிஷமே பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டு, சில்லிட்டுப் போகும். பூனை வலியில் அலறும். "யாரோ அடித்து இடுப்பை ஒடித்துவிட்டார்கள்" என்று வீட்டுக்காரர் கூச்சல் போடுவது இந்த மாதிரி சமயத்தில்தான்.

1999ல் அமெரிக்காவின் டாக்டர் மார்க் கிட்டில்சன் குழுவினர், 'மெய்ன் கூன்' என்ற பெரிய ஜாதிப் பூனைகளில் இது தாய் தந்தையரிடமிருந்து குட்டிகளுக்கு வருவதை நிரூபித்தனர். 2005ல் மரபணுவே பிடிபட்டது. கண்டுபிடித்தவர், பாக்ஸர் நாயை ஆராய்ந்த அதே டாக்டர் மியூர்ஸ். மரபணுவின் பெயர் எம்.ஒய்.பி.பி.சி.3. இருதயத் தசை இழைகளைக் கட்டிக்காக்கும் ஒரு புரதத்தைத் தயாரிப்பது அதன் வேலை. அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. 'பால்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பாழ்' என்று எழுதியது போல! 2007ல் 'ராக்டால்' ஜாதிப் பூனைகளிலும் அதே மரபணுவில் வேறோர் எழுத்துப் பிழை கிடைத்தது.

இங்கே பலர் விரும்பி வாங்கும் பெர்ஷியன் பூனைக்கும் இந்தத் தடிப்பு வியாதி வருவதுண்டு. சாதாரண வீட்டுப் பூனைக்கும் வரலாம். எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற பெயரை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜாதி நாய்க்கு ஏன் அதிகம்?

ஒரு நாய் கண்காட்சியில் பரிசு வாங்குகிறது. உடனே அதனிடம் சினைக்கு விடப் பத்துப் பேர் வருகின்றனர். ஒரே ஆண் நாய்க்கு நூறு குட்டிகள். அந்தக் குட்டிகளுக்குள்ளேயே மறுபடி இணை சேர்க்கின்றனர். காது நிமிர்ந்திருக்க வேண்டும், நிறம் மாறக் கூடாது என்பதற்காக. அழகு நிலைக்கிறது, அதோடு ஒளிந்திருக்கும் பிழையும் நிலைக்கிறது.

இந்த வியாதிகள் பலவற்றில், தாய் தந்தை இருவரில் ஒருவரிடம் பிழை இருந்தாலே போதும். ஒவ்வொரு குட்டிக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. காசு சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போல. பிழையைப் பெற்ற எல்லாக் குட்டிகளும் சாவதில்லை என்பதும் உண்மை. சில முழு வயதும் வாழ்ந்து, பிழையை மட்டும் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போகும்.

இதில் பெரிய சிக்கல் காலக் கணக்கு. டாபர்மேனுக்கு வியாதி தெரிய வருவது பெரும்பாலும் நடுவயதில். ஆனால் இரண்டு வயதிலேயே அது குட்டிகளுக்குத் தகப்பனாகிவிடுகிறது. தகப்பன் சாகும்போது குட்டிகள் கேரளத்திலும் தமிழகத்திலும் பல வீடுகளுக்கு விலை போயிருக்கும். விற்றவருக்கு லாபம், வாங்கியவருக்குத் துக்கம், பழி வாட்ச்மேனுக்கு!

நாட்டு நாய்க்கு இருதய வியாதியே வராது என்று இதற்குப் பொருளில்லை. தெரு நாயின் ரத்தத்தில் பல வழிகள் கலந்திருப்பதால், ஒரே பிழை திரும்பத் திரும்பக் குவிவதில்லை. அவ்வளவுதான்.

எல்லாம் பரம்பரையா?

இல்லை. சில திடீர் மரணங்கள் நம் கையில் உள்ளவை.

1978ல் உலகெங்கும் நாய்க் குட்டிகளை வாரிக்கொண்டு போன 'பார்வோ' வைரஸ், ரத்த பேதியை மட்டுமல்ல, சில வாரக் குட்டிகளின் இருதயத் தசையையும் தாக்கியது. பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் பொத்தென விழுந்து இறந்தன. இதற்குத் தடுப்பூசி உண்டு. தாய் நாய்க்கும் குட்டிக்கும் காலத்தில் போட்டால் போதும்.

பூனைக்கு இன்னொரு கதை. 1987ல் அமெரிக்காவின் டாக்டர் பால் பியான், பூனைகளின் இருதயம் தொய்ந்து போவதற்கு, 'டாரின்' என்ற சத்து உணவில் குறைவதே காரணம் என்று கண்டுபிடித்தார். அந்தச் சத்தைச் சேர்த்துக் கொடுத்ததும் இருதயங்கள் தேறின. பூனைத் தீவனக் கம்பெனிகள் டாரினைக் கூட்டின; அந்த வியாதி ஏறக்குறைய மறைந்தே போனது.

இது நமக்கும் பாடம்தான். டாரின், மீனிலும் இறைச்சியிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. பாலில் மிகச் சொற்பம். கரமனையிலோ வலியசாலையிலோ ஓர் அக்ரஹாரத்து வீட்டில், பாசத்தோடு தயிர் சாதம் மட்டுமே போட்டு வளர்க்கும் பூனை, வெளியே போய் எலி பிடித்துத் தின்னாவிட்டால், அதன் இருதயம் மெல்ல மெல்லத் தொய்ந்து போகலாம். வேக வைத்த சாளை மீன் இரண்டு, வெந்த தண்ணீரோடு சேர்த்து வைத்தால் நல்லது. வீட்டில் மீன் சேராதென்றால் கடையில் விற்கும் பூனைத் தீவனம் இருக்கிறது.

எலி மருந்து, பூச்சி மருந்து, பாம்பு, கடும் வெயிலில் பூட்டிய கார் என்று வேறு எமன்களும் உண்டு. ஆகவே, விஷம் என்று முடிவு கட்டுவது எப்படித் தவறோ, பரம்பரை என்று பார்க்காமலே முடிவு கட்டுவதும் தவறு. பரிசோதனைதான் பேச வேண்டும்.

செத்த நாய் சொல்லும் சாட்சி

நம் ஊரில் மாட்டாஸ்பத்திரி என்போம், இங்கே மிருகாசுபத்ரி. பெயர் எதுவானாலும், திடீரென இறந்த நாயையோ பூனையையோ புதைப்பதற்கு முன், கால்நடை டாக்டரிடம் பிரேதப் பரிசோதனை கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. திருவனந்தபுரத்தில் குடப்பனக்குன்னுவில் அரசின் மிருக ஆஸ்பத்திரி உள்ளது. நெடுமங்காடு தாண்டி, செங்கோட்டை போகும் பாதையில் பாலோட்டில் மாநில மிருக வியாதி ஆய்வு நிலையம் உள்ளது. வெறிநாய் கடித்த செய்தி வரும்போதெல்லாம் பேப்பரில் அடிபடும் நிலையம் இதுதான்.

நேரம் முக்கியம். இந்த ஊர் உஷ்ணத்தில் உடல் சீக்கிரம் அழுகும். ஐஸ் கட்டிகளைச் சுற்றி வைத்துக் கொண்டு போகலாம். ஃப்ரீசரில் வைத்து உறைய விடக் கூடாது. உறைந்தால் தசையின் நுட்பம் கெட்டு, மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. தடுப்பூசி போடாத நாயாக இருந்து, கடைசி நாட்களில் நடத்தை மாறியிருந்தால், வெறும் கையால் தொடவே கூடாது.

இன்னொரு விஷயத்தை நாய்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாக்ஸரின் இருதயம் வெறும் கண்ணுக்கு நன்றாகவே தோன்றலாம், மைக்ராஸ்கோப் வேண்டும். அல்சேஷனில் அதுவும் ஒன்றும் காட்டாது. "அறுத்துப் பார்த்தும் ஒன்றுமில்லை" என்றால் விஷம்தான் என்று அர்த்தமில்லை. விஷம் என்றால் அது ரசாயனப் பரிசோதனையில் கிடைக்க வேண்டும். கிடைக்காத விஷத்திற்கு ஓர் ஏழையைக் குற்றவாளி ஆக்குவது நியாயமல்ல.

ஆட்டின் இருதயம் தந்த வால்வு

மிருகத்தின் இருதயமும் மனிதனின் இருதயமும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில், 1976ல் நோயாளிகளைச் சேர்க்கத் துவங்கி, 1980ல் பார்லிமென்ட் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்றது ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம். அதன் முதல் டைரக்டர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான், 2024ல் காலமானார். வெளிநாட்டிலிருந்து பெரும் விலை கொடுத்து வாங்கி வந்த செயற்கை இருதய வால்வை இங்கேயே செய்ய வேண்டுமென்று பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் அவரும் இன்ஜினியர்களும் பாடுபட்டனர். செய்த வால்வை முதலில் ஆடுகளின் இருதயத்தில் வைத்துப் பார்த்தனர். ஆடுகள் பிழைத்து நடமாடிய பிறகே, 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தினர். இன்று அந்தச் சித்ரா வால்வு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பொருத்தப்பட்டுள்ளது.

அன்று ஆடு கற்றுக் கொடுத்தது. இன்று நாயும் பூனையும் கற்றுக் கொடுக்கின்றன. முன்னே சொன்ன இரண்டாவது பதில் இங்கேதான் இருக்கிறது.

அதே மரபணு, நம் உடம்பிலும்!

பூனையின் இருதயத்தைத் தடிக்க வைக்கும் எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணு மனிதரிடமும் உண்டு. அதில் பிழை ஏற்பட்டால் மனிதரின் இருதயமும் தடிக்கும் என்பது 1995லேயே தெரியும். ஆனால், தமிழர் கவனிக்க வேண்டிய செய்தி 2009ல் வந்தது.

மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணி, ஐதராபாத் ஆய்வு நிலையத்தின் டாக்டர் தங்கராஜ் மற்றும் பலர் சேர்ந்து அந்த ஆய்வை வெளியிட்டனர். ஸ்ரீசித்ரா டாக்டர்களுக்கும் அதில் பங்குண்டு. இதே மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போன ஒரு பிழையை, சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு இந்தியக் குடும்பங்களில் கண்டிருந்தனர். சுமார் 800 இருதய நோயாளிகளைச் சோதித்தனர். பிழை பலரிடம் இருந்தது. பிறகு, நூற்றுக்கும் அதிகமான சமூகங்களைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களைச் சோதித்தனர். நூற்றுக்கு நான்கு பேரிடம் அதே பிழை! இந்தியத் துணைக் கண்டத்து மக்களிடம்தான் இது பரவலாக உள்ளது. சுமார் 33 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையரிடம் தோன்றி வழிவழியாக வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஏன் அது அழிந்து போகவில்லை? டாபர்மேன் கதைதான் இங்கும். வாலிபத்தில் தொல்லை தராது. கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, வயது ஏறிய பிறகே கைவரிசையைக் காட்டும். அதற்குள் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இதைப் படித்து யாரும் பயந்துவிட வேண்டாம். பிழை இருப்பவர் எல்லோருக்கும் வியாதி வருவதில்லை. அமெரிக்காவில் வாழும் நம் நாட்டவர்களை வைத்து நடந்த இன்னோர் ஆய்வு 2018ல் வெளியானது. இந்தப் பிழை உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் இன்னொரு பிழையும் சேர்ந்திருப்பதாகவும், தொல்லை பெரும்பாலும் அவர்களுக்குத்தான் என்றும் அது சொல்கிறது. இன்னொன்று: இது ஒட்டுவாரொட்டி அல்ல. பூனையிடமிருந்து மனிதருக்கோ, மனிதரிடமிருந்து பூனைக்கோ தொற்றாது. ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தில் இரண்டு வீட்டாருக்கும் தனித்தனியே விழுந்த எழுத்துப் பிழைகள் இவை.

என்ன செய்யலாம்?

நாயைக் கவனிப்பவர்கள் ஒரு சுலபமான பரிசோதனை செய்யலாம். நாயோ பூனையோ நன்றாகத் தூங்கும்போது, ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறதென்று எண்ணுங்கள். முப்பதுக்குள் இருந்தால் சரி. நாள்தோறும் முப்பதைத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரவில் இருமல், நடையில் சோர்வு, பூனை வாயைத் திறந்து இளைப்பது ஆகியவையும் எச்சரிக்கைகள்.

ஓடும்போது நாய் திடீரென விழுந்து, சில விநாடிகளில் ஒன்றும் நடக்காதது போல் எழுந்தால், "வலிப்பு" என்று விட்டுவிடக் கூடாது. அது இருதயம் ஒரு கணம் தடுமாறியதாக இருக்கலாம். அடுத்த முறை எழாமலே போகலாம். 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் 'ஹோல்ட்டர்' கருவியை நாயின் மார்பிலும் கட்டலாம். வியாதியை முன்னதாகக் கண்டால் மருந்து உண்டு. டாபர்மேன்களில் ஒரு மருந்து பல மாதங்கள் ஆயுளை நீட்டியதாக 2012ல் ஓர் ஆய்வு காட்டியது.

குட்டி வாங்குகிறவர்கள் தாய் தந்தையின் வயதையும், அவற்றின் இருதயம் பரிசோதிக்கப்பட்டதா என்பதையும், முந்தைய ஈற்றுக் குட்டிகளில் ஏதாவது திடீரென இறந்ததா என்பதையும் கேட்க வேண்டும். 2017ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, நாய் வளர்த்து விற்பவர் மாநில மிருக நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மெய்ன் கூன், ராக்டால் பூனைகளுக்கு, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்தே பிழை உண்டா என்று பார்த்துவிடலாம். பதில் சொல்ல மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

இனி நம் வீட்டுக் கணக்கு. அப்பாவோ, சித்தப்பாவோ, அண்ணனோ ஐம்பது வயதிற்குள் "நல்லாத்தான் இருந்தார், உட்கார்ந்தபடியே போயிட்டார்" என்ற கதை உங்கள் குடும்பத்தில் உண்டா? மூட்டை தூக்கும்போதோ, மாடி ஏறும்போதோ உங்களுக்குத் தலை சுற்றி மயக்கம் வந்ததுண்டா? அதைத் தெய்வக் குற்றம் என்றோ, பித்தம் என்றோ ஒதுக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலோ, அரசு ஆஸ்பத்திரியிலோ இந்தக் குடும்பக் கதையை வாய் திறந்து சொல்லுங்கள். ஒரு ஈ.சி.ஜி.யும், ஒரு 'எக்கோ'வும் தடித்த இருதயத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஊரை விட்டு ஊர் வந்து பிழைப்பவர்களிடம் குடும்பக் கதை பாதி ஊரிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேட்டு, யார் எந்த வயதில் எப்படிப் போனார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கவடியார் பங்களாவுக்குத் திரும்புவோம். நாய் செத்துக் கிடக்கிறது; எல்லோரும் வாட்ச்மேனைப் பார்க்கின்றனர். அந்த நேரத்தில் ஒருவர், "முதலில் டாக்டர் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொன்னால் போதும். நாய் திரும்பி வராது. ஆனால் ஒரு குடும்பத்தின் சோறு தப்பும். அந்த நாயின் உடன்பிறந்த குட்டிகள் வேறு ஏழெட்டு வீடுகளில் இருக்கும். அவற்றைச் சோதித்துப் பார்க்க வழி பிறக்கும். அந்தச் சொல்லைச் சொல்லும் தைரியம், விஷயம் தெரிந்த ஒருவருக்குத்தான் வரும்.